சமையலறையில் பிறந்த பலூன்... '100% பிளாக்'கை ஒதுக்கி வைத்தது ஏன்? யார் இந்த ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக்?

ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட்டில் 70%, 80% பிளாக்னு இருந்தாலே வீட்டில் யாருக்கும் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது. 100%னு இருந்தால்? ரத்தக்குழாயே முழுசா மூடிப்போச்சுன்னா மனுஷன் எப்படி நடமாடிட்டு இருக்கார்? ஸ்டென்ட் வைக்க முடியுமா, பைபாஸ்தானா, இல்லை மாத்திரையே போதுமா? ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கொரு பதில் வரும்.

இந்தக் குழப்பம் தெளிய ஒரு மனிதரின் கதையைத் தெரிந்துகொள்வது உதவும். இதய ரத்தக்குழாய்க்குள் பலூனை அனுப்பி, விழித்திருக்கும் நோயாளிக்கு அடைப்பை விரித்துக் காட்டிய முதல் டாக்டர், ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக். ஆஞ்சியோபிளாஸ்டியின் தந்தை என்று மருத்துவ உலகம் கொண்டாடும் இவர், ஆரம்பத்தில் முழு அடைப்பு உள்ள குழாய்களைத் தன் சிகிச்சைக்கு ஏற்றவை அல்ல என்று ஒதுக்கி வைத்தார். அது ஏன்? அவர் ஒதுக்கியதை இன்றைய டாக்டர்கள் எப்படிச் செய்கிறார்கள்? பார்க்கலாம்.

போரில் வளர்ந்த குழந்தை

க்ரூன்ட்சிக் பிறந்தது 1939 ஜூன் 25, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில். இரண்டே மாதத்தில் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. பள்ளி ஆசிரியராக இருந்த அப்பாவைப் போருக்கு அழைத்தார்கள். அவர் வீடு திரும்பவே இல்லை. ஆண்ட்ரியாஸையும் அண்ணன் யோகன்னஸையும் அம்மாதான் தனி ஆளாக வளர்த்தார்.

போர் முடிந்ததும் அவர்கள் இருந்த பகுதி சோவியத் கட்டுப்பாட்டுக்குப் போனது. 1950-ல் குடும்பம் அர்ஜென்டினாவின் பியூனோஸ் ஐரிஸுக்குக் குடிபெயர்ந்து பார்த்தது. அது சரிப்பட்டு வரவில்லை. மறுபடி கிழக்கு ஜெர்மனிக்கே வந்து லைப்சிக் நகரில் தங்கினார்கள். அங்கே புகழ்பெற்ற தோமாஸ் பள்ளியில் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்தார் ஆண்ட்ரியாஸ். பெர்லின் சுவர் எழுவதற்கு முன்பே, 1950-களின் இறுதியில், மேற்கு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்துவிட்டார். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1964-ல் டாக்டர் ஆனார்.

அடுத்த சில வருடங்கள் ஊர் ஊராக வேலை பார்த்தார். நடுவில் லண்டன் போய், நோய்கள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன, ஒரு சிகிச்சை உண்மையிலேயே பலன் தருகிறதா என்று கணக்குப் பார்க்கும் எபிடெமியாலஜியும் படித்தார். அந்தக் கணக்குப் புத்தி பின்னால் அவருக்குக் கைகொடுத்தது.

எல்லாம் தொடங்கியது ஒரு 'முழு அடைப்பில்'தான்

கதையில் இப்போது இன்னொருத்தர் வருகிறார். அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தைச் சேர்ந்த கதிரியக்க டாக்டர் சார்லஸ் டாட்டர்.

கதீட்டர் என்பது ரத்தக்குழாய்க்குள் அனுப்பும் மெல்லிய குழாய். 1929-ல் ஜெர்மனியின் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கை நரம்பு வழியாகத் தன் இதயத்துக்கே ஒரு கதீட்டரை அனுப்பி எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். அதற்காக 1956-ல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனாலும் 1960-கள் வரை கதீட்டர் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் கருவி மட்டும்தான். வைத்தியம் செய்யக் கத்தி வேண்டும்.

1963-ல் டாட்டர் ஒரு நோயாளிக்குப் படம் எடுக்க கதீட்டரை உள்ளே தள்ளியபோது, முழுசா அடைபட்டிருந்த இடுப்புத் தமனி வழியாக அது தற்செயலாக உள்ளே போய்விட்டது. அடைப்பில் ஒரு வழி திறந்துவிட்டது! கதீட்டரை வைத்தே அடைப்பை எடுக்கலாமே என்ற யோசனை அவருக்கு அங்கேதான் உறைத்தது. 1964 ஜனவரி 16 அன்று, கால் அழுகத் தொடங்கிய 82 வயது பாட்டி ஒருவருக்கு அதை வேண்டுமென்றே செய்தார். காலை வெட்டியெடுக்கணும்னு டாக்டர்கள் சொல்ல, பாட்டி முடியவே முடியாதுன்னு மறுத்திருந்தார். டாட்டர், ஒன்றைவிட ஒன்று தடிமனான கதீட்டர்களை வரிசையாகச் செலுத்தி, கால் தமனியின் குறுகலை விரித்தார். பாட்டியின் கால் பிழைத்தது.

அமெரிக்க அறுவை சிகிச்சை டாக்டர்கள் பலர் டாட்டரைக் கண்டுகொள்ளவில்லை. கிறுக்கு சார்லி என்று பட்டப்பெயர்கூட வைத்தார்கள். ஐரோப்பாவில் எபர்ஹார்ட் சைட்லர் என்ற ஜெர்மானிய டாக்டர் அந்த முறையை விடாமல் செய்துவந்தார். க்ரூன்ட்சிக் அதைக் கற்றுக்கொண்டது சைட்லரிடம்தான்.

கிச்சன் டேபிளில் ஒரு லேப்

1969-ல் க்ரூன்ட்சிக் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் ரத்தக்குழாய் பிரிவில் சேர்ந்தார். கால் தமனிகளில் டாட்டர் முறையைச் செய்யும்போதே அதன் குறை அவர் கண்ணில் பட்டது. அடைப்பு இருக்கும் இடத்தில் எவ்வளவு அகலம் வேண்டுமோ, அவ்வளவு அகலமான கதீட்டரை தொடையில் போடும் துளை வழியாகத்தான் நுழைக்க வேண்டும். துளை பெரிசானால் ரத்தக்கசிவும் பெரிசு. மெல்லிசாக உள்ளே போய், அடைப்பு இருக்கும் இடத்தில் மட்டும் விரிந்து, திரும்ப மெல்லிசாக வெளியே வரும் ஒன்று வேண்டும். அதாவது, ஒரு பலூன்.

பலூன்னா ஊதினால் போதாதா? அங்கேதான் சிக்கல். சாதாரண ரப்பர் பலூனை ஒரு குறுகலான இடத்தில் வைத்து ஊதினால், இறுக்கமான இடத்தில் விரியாமல் இரண்டு பக்கமும் பிதுங்கும். அடைப்பு அப்படியே இருக்கும், நல்ல இடம் கிழியும். தேவைப்பட்டது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிதாகாத, ஆனால் அந்த அளவை எட்டும்வரை பலமாகத் தள்ளும் பலூன்.

பகலில் மருத்துவமனை வேலை, ராத்திரியில் வீட்டுச் சமையலறை. மனைவி மிகேலா, உதவியாளர் மரியா ஷ்லும்ஃப், மரியாவின் கணவர் என்று நாலு பேர் உட்கார்ந்து பிளாஸ்டிக் குழாய், பசை, நூல், கத்தியோடு மல்லுக்கட்டினார்கள். ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஹைன்ரிஷ் ஹோப் பி.வி.சி. பிளாஸ்டிக்கைப் பற்றி எடுத்துச் சொன்னார். அந்தப் பிளாஸ்டிக்தான் கடைசியில் கைகொடுத்தது.

1974 பிப்ரவரியில் அந்தப் பலூன் முதல்முறையாக ஒரு நோயாளியின் தொடைத் தமனியை விரித்தது. அடுத்ததாகக் குழாய்க்குள் இரண்டு பாதைகள் வைத்தார். ஒன்று பலூனை ஊத, மற்றது அடைப்புக்கு அந்தப் பக்கம் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று அளக்க. அழுத்தம் ஏறினால் ரத்தம் போகிறது என்று அர்த்தம். சிகிச்சை பலித்ததா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

1977 செப்டம்பர் 16

கால் தமனியில் தவறு நடந்தால் கால் போகும். இதயத்தின் கரோனரி தமனியில் நடந்தால் உயிர் போகும். அது சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய். அதுவும் துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்தின் மேல். அதனால் க்ரூன்ட்சிக் படிப்படியாகப் போனார். 1975-ல் நாய்களின் இதயத்தில் சோதனை. 1976 நவம்பரில் அமெரிக்காவின் மயாமியில் நடந்த இதய மருத்துவ மாநாட்டில் ஒரு போஸ்டர் ஒட்டி முடிவுகளை விளக்கினார். நின்று பார்த்தவர்களில் பலருக்கு நம்பிக்கை வரவில்லை. இது நடக்கிற காரியமா என்று நினைத்தவர்களில் அட்லாண்டாவைச் சேர்ந்த ஸ்பென்சர் கிங்கும் ஒருவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவின் ரிச்சர்ட் மைலர் மட்டும் ஆர்வத்தோடு கைகோத்தார். 1977 மே மாதம், பைபாஸ் ஆபரேஷனுக்காக நெஞ்சு திறந்திருந்த நோயாளிகளின் கரோனரி தமனியில் இருவரும் பலூனை விரித்துப் பார்த்தார்கள். அடைப்பிலிருந்து துணுக்குகள் பிய்ந்து ஓடுமோ என்று பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை.

அப்புறம் வந்தது அந்த நாள். ஜூரிச்சில் கடுமையான நெஞ்சுவலியோடு ஒரு இன்சூரன்ஸ் ஊழியர் சேர்ந்திருந்தார். இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியத் தமனியின் தொடக்கத்தில் ஒரே ஒரு குறுகலான அடைப்பு. மற்றபடி குழாய்கள் நல்லா இருந்தன. அவருக்கு வயது 38. க்ரூன்ட்சிக்குக்கும் அப்போது 38தான்.

இப்படி ஒன்று இதுவரை யாருக்கும் செய்ததில்லை என்பதை மறைக்காமல் சொல்லி, அவர் சம்மதத்தை வாங்கினார்கள். 1958-லேயே மனிதருக்குள் முதல் பேஸ்மேக்கரைப் பொருத்திய ஓக்கே சென்னிங்தான் ஜூரிச்சின் அறுவை சிகிச்சைத் தலைவர். ஏதாவது தப்பாகிவிட்டால் உடனே பைபாஸ் செய்ய அவருடைய குழு தயாராக நின்றது. இந்தச் சிகிச்சை பலித்தால் தன் துறைக்கு வரும் ஆபரேஷன்கள் குறையும் என்று தெரிந்தே சென்னிங் அந்த ஆதரவைக் கொடுத்தார்.

நோயாளி விழித்திருக்க, பலூன் இரண்டு முறை விரிந்தது. அடைப்புக்கு அப்பால் அழுத்தம் ஏறியது. இதயத் துடிப்பு தடம் மாறவில்லை. நெஞ்சைத் திறக்காமல் ஒரு கரோனரி அடைப்பு விலகிவிட்டது. 23 வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்ததாக மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

50-ல் 18 தோல்வி... அதையும் எழுதினார்

1979-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் க்ரூன்ட்சிக் தன் முதல் 50 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். பலித்தது 32 பேருக்கு. அதாவது 18 பேருக்குப் பலிக்கவில்லை. 5 பேரை அவசரமாக பைபாஸுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 3 பேருக்கு ஹார்ட் அட்டாக்கின் அடையாளம் இசிஜியில் தெரிந்தது. எல்லாவற்றையும் அப்படியே எழுதினார்.

இன்னொன்றும் அதில் இருந்தது. பைபாஸுக்குப் போகும் நோயாளிகளில் சுமார் 10 முதல் 15% பேருக்குத்தான் இந்த முறை பொருந்தும் என்பது அவருடைய மதிப்பீடு. ஒரே ஒரு குழாயில், தொடக்கத்திலேயே, நீளம் குறைவாக, கால்சியம் படியாமல், முக்கியமாக முழுசா மூடாமல் இருக்கும் அடைப்பு... இதுதான் ஆரம்பகால பலூன் சிகிச்சைக்கான தேர்வு. தான் கண்டுபிடித்த ஒன்றை எல்லோருக்கும் விற்கப் பார்க்காமல், யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

1978-லிருந்து ஜூரிச்சில் நேரடி வகுப்புகள் எடுத்தார். வெளிநாட்டு டாக்டர்கள் ஹாலில் உட்கார்ந்திருக்க, கேத் லேபில் நடக்கும் சிகிச்சை டிவியில் நேரலையாக ஓடும். சரியாக வந்தாலும் சொதப்பினாலும் எல்லாரும் பார்ப்பார்கள். அதுவரை சிகிச்சை முடிந்து, நல்லபடியாக வந்ததை மட்டும் ஸ்லைடு போட்டுக் காட்டிப் பழகிய உலகம் அது. பயிற்சி எடுக்காதவர் கையில் தன் பலூன் போகக் கூடாது என்பதிலும் கறாராக இருந்தார். 1979-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், எங்கே யாருக்கு இது செய்யப்பட்டாலும் முடிவைப் பதிவு செய்யும் ஒரு பொதுப் பதிவேட்டைத் தொடங்கியது.

சரி, 100% அடைப்பில் என்ன பிரச்சினை?

இதைப் புரிந்துகொள்ள ஒரு வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். மண் சேர்ந்து பாதி தூர்ந்த வாய்க்காலில் கொஞ்சமாவது தண்ணீர் ஓடும். அந்த இடுக்கு வழியாக ஒரு குச்சியை நுழைத்துவிடலாம். முழுசா தூர்ந்து, மேலே புல்லும் முளைத்துவிட்டால்? வாய்க்கால் எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது.

பலூன் வேலை செய்ய வேண்டுமானால் முதலில் அது அடைப்புக்குள் நுழைய வேண்டும். க்ரூன்ட்சிக்கின் முதல் பலூன்களில் நுனியில் ஒரு சின்ன வயர் ஒட்டியே இருந்தது. அதைத் தனியாகத் திருப்பி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று வழிநடத்த முடியாது. இடுக்கு இருந்தால் போகும், இல்லையென்றால் முட்டி நிற்கும். முட்டியதை பலமாகத் தள்ளினால் குழாய்ச் சுவர் கிழியலாம். அன்றைய கருவியை வைத்துக்கொண்டு முழு அடைப்பைத் தொடாமல் விட்டதுதான் சரியான முடிவு.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம். '100% பிளாக்' இரண்டு வகை. திடீர்னு ஒரு ரத்தக்கட்டி வந்து குழாயை மூடுவது ஹார்ட் அட்டாக். அது இளசான, மெத்தென்ற அடைப்பு. வயர் உள்ளே போகும். நிமிஷக் கணக்கில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும் என்பதால் உடனே திறக்க வேண்டும். இதில் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க நேரமே கிடையாது.

இன்னொன்று, குறைந்தது 3 மாதமாவது முழுசா மூடியே கிடக்கும் நாள்பட்ட அடைப்பு. டாக்டர்கள் சிடிஓ என்று சொல்வது இதைத்தான். உள்ளே கொழுப்பு, பழைய ரத்தக்கட்டி, நார்த்திசு, கால்சியம் எல்லாம் சேர்ந்து இறுகியிருக்கும். இரண்டு முனையிலும் மூடி போட்ட மாதிரி கெட்டியாக இருக்கும். இவ்வளவு நாள் அந்த மனிதர் எப்படி உயிரோடு இருந்தார்? அடைப்பு மெதுவாக வளரும்போது, பக்கத்துக் குழாய்களிலிருந்து சின்னச் சின்ன கிளைகள் பெரிதாகி, அந்தப் பகுதிக்கு ரத்தத்தை அனுப்பத் தொடங்கிவிடும். உட்கார்ந்திருக்கும்போது அது போதும். மாடிப்படி ஏறும்போது பற்றாக்குறை வரும். நெஞ்சு இறுக்கும், மூச்சு வாங்கும்.

தலைமடையும் கடைமடையும்

க்ரூன்ட்சிக் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் நகர்ந்தார்கள். ஜூரிச் வந்து பார்த்துவிட்டுப் போன அமெரிக்க டாக்டர் ஜான் சிம்ப்சன், தன் சகாக்களோடு 1982-ல் ஒரு மாற்றத்தை வெளியிட்டார். வயரைத் தனியாக, திருப்பும்படி செய்தார்கள். முதலில் வயர் போய் வழி கண்டுபிடிக்கும். அதன் மேல் தண்டவாளத்தில் ரயில் போகிற மாதிரி பலூன் போகும். நாள்பட்ட முழு அடைப்புக்கான கதவு திறந்தது இங்கேதான். ஆனாலும் பல வருடங்களுக்கு முயற்சிகளில் பெரும்பங்கு தோல்விதான்.

பெரிய பாய்ச்சல் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே டாக்டர்கள் கெட்டியான மூடியைத் துளைக்கும் கூர் நுனி வயர்களோடு பொறுமையாக உழைத்தார்கள். கரோனரி வயரின் தடிமன் வழக்கமாக சுமார் 0.36 மில்லிமீட்டர். இந்தச் சிறப்பு வயர்களில் சிலவற்றின் நுனி அதைவிடவும் மெல்லிசு. 2006-ல் ஒசாமு காடோ குழுவினர் இன்னொரு வழியை விளக்கி எழுதினார்கள். தலைமடைப் பக்கமிருந்து போக முடியவில்லையா? கடைமடைப் பக்கமிருந்து வா! பக்கத்துக் குழாயிலிருந்து அந்தச் சின்னக் கிளைகள் வழியாக வயரை அனுப்பி, அடைப்பின் பின்பக்கம் போய், அங்கிருந்து முன்னோக்கித் துளைப்பது. நோயாளியின் உயிரைத் தாங்கிப் பிடித்த அதே கிளைகள் டாக்டருக்கு வழியாகவும் ஆயின.

இன்று இந்தச் சிகிச்சையில் வலது, இடது இரண்டு கரோனரி குழாய்களிலும் ஒரே நேரத்தில் சாயம் செலுத்தி, அடைப்பின் இரண்டு முனைகளையும் பார்த்துவிட்டுத்தான் திட்டம் போடுகிறார்கள். அடைப்பின் நடுவில் வழி கிடைக்கவில்லையென்றால், குழாய்ச் சுவரின் அடுக்குகளுக்குள் வயரை ஓட்டி, அடைப்பைத் தாண்டியதும் திரும்பக் குழாய்க்குள் கொண்டுவரும் முறையும் உண்டு. வயர் கடந்துவிட்டால் மிச்சம் க்ரூன்ட்சிக்கின் பழைய பாடம்தான். பலூனை விரிப்பது, கூடவே ஸ்டென்ட் வைப்பது. அனுபவமுள்ள மையங்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு இது பலிக்கிறது.

அட்லாண்டாவும் அந்த ஞாயிற்றுக்கிழமையும்

ஜூரிச்சில் தனக்குப் போதிய இடமும் வசதியும் கிடைக்கவில்லை என்ற வருத்தம் க்ரூன்ட்சிக்குக்கு இருந்தது. 1980-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமோரி பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே அவரை வரவேற்றவர்களில் ஒருவர், மயாமி போஸ்டரைப் பார்த்து நம்பாமல் போன அதே ஸ்பென்சர் கிங்! இரண்டு பேரும் சேர்ந்து எமோரியை உலக டாக்டர்கள் தேடிவரும் இடமாக மாற்றினார்கள். 1980-களின் நடுவில் அந்த அலை இந்தியாவுக்கும் வந்தது. டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் இங்கே கரோனரி ஆஞ்சியோபிளாஸ்டியைத் தொடங்கிவைத்த களங்களில் சென்னை முக்கியமானது.

ஆள் பார்க்க சினிமா ஹீரோ மாதிரி. கருகரு மீசை, வேகமான பேச்சு, வேகமான வாழ்க்கை. கதீட்டர் பரிசோதனை அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை என்று காட்ட, ஒரு மாலை தானே டேபிளில் படுத்துத் தன் இதயத்துக்கு ஆஞ்சியோகிராம் எடுத்துக்கொண்டு, அன்று இரவே விருந்துக்குப் போய் நின்றவர். முதல் திருமணம் முறிந்து, அமெரிக்காவில் மார்கரெட் ஆன் என்ற இளம் டாக்டரைத் திருமணம் செய்துகொண்டார். விமானம் ஓட்டுவதில் ஆசை வந்து, சொந்தமாக ஒரு சின்ன விமானமும் வைத்திருந்தார்.

1985 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. ஜார்ஜியா கடற்கரையிலிருந்த வீட்டிலிருந்து அட்லாண்டாவுக்குத் திரும்ப வேண்டும். வானிலை மோசம். விமானத்தை ஓட்டியது அவரே. வழியில் ஃபோர்சித் என்ற ஊருக்கு அருகே விமானம் விழுந்தது. கணவன் மனைவி இரண்டு பேருமே இறந்துபோனார்கள். அவருக்கு வயது 46.

அந்த 1985-ஐ இதய மருத்துவம் மறக்காது. கதீட்டர் சிகிச்சையைத் தொடங்கிவைத்த டாட்டர், கரோனரி ஆஞ்சியோகிராமைக் கண்டுபிடித்த மேசன் சோன்ஸ், இன்றும் பயன்படும் கதீட்டர் வடிவங்களைத் தந்த மெல்வின் ஜட்கின்ஸ் மூவரும் காலமானதும் அதே வருடம்தான். ஸ்டென்ட் மனித இதயத்துக்குள் முதன்முதலாகப் போனது அடுத்த வருடம், 1986-ல். க்ரூன்ட்சிக் அதைப் பார்க்கவில்லை. பலூன் விரித்த இடம் சில மாதங்களில் மறுபடி சுருங்கிவிடுவது அவரைக் கடைசிவரை தொந்தரவு செய்த பிரச்சினை. அதற்கு வந்த முதல் பெரிய பதில் அந்த ஸ்டென்ட்தான்.

அப்போ 100% பிளாக்கைத் திறந்தே ஆகணுமா?

முடியும் என்பதற்காகச் செய்தே ஆக வேண்டுமா என்ற கேள்வி க்ரூன்ட்சிக் காலத்திலேயே இருந்தது. இதற்கும் அவர் வழியில், கணக்கைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

நாள்பட்ட முழு அடைப்பு உள்ள 396 பேரிடம் நடந்த யூரோ சிடிஓ ஆய்வு 2018-ல் வெளியானது. அடைப்பைத் திறந்தவர்களுக்கு, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட நெஞ்சுவலி குறைந்து, அன்றாட வாழ்க்கை மேம்பட்டிருந்தது. 834 பேரிடம் நடந்த டெசிஷன் சிடிஓ ஆய்வு 2019-ல் வந்தது. இறப்பு, மாரடைப்பு போன்ற பெரிய ஆபத்துகளில் இரண்டு தரப்புக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது இது: தொந்தரவு இருப்பவருக்குத் தொந்தரவைக் குறைக்க இந்தச் சிகிச்சை உதவுகிறது. ஆயுளை நீட்டிக்கும் என்று அடித்துச் சொல்ல இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

சாதாரண ஸ்டென்ட் சிகிச்சையைவிட இதில் நேரம் அதிகம். எக்ஸ்ரே கதிர்வீச்சும், சிறுநீரகத்துக்குச் சுமையாகும் சாயமும் அதிகம். குழாயில் ஓட்டை விழுந்து இதயத்தைச் சுற்றி ரத்தம் சேரும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் வீட்டில் யாருக்காவது ரிப்போர்ட்டில் 100% என்று வந்து, அது ஹார்ட் அட்டாக் இல்லை, பழைய அடைப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தால், பதறாமல் இந்த நாலு கேள்விகளைக் கேளுங்கள்.

1. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இந்தக் குழாயால்தான் வருகிறதா? மாத்திரையை முழு அளவில் எடுத்துப் பார்த்தாகிவிட்டதா?

2. அந்தக் குழாய் ரத்தம் தரும் தசை இன்னும் உயிரோடு இருக்கிறதா? ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். செத்துப்போன தசைக்குக் குழாயைத் திறந்து பெரிய பலன் இல்லை.

3. மற்ற குழாய்களிலும் அடைப்பு இருக்கிறதா? அப்படியானால் பைபாஸ் நல்லதா? இதைக் கதீட்டர் டாக்டரும் அறுவை சிகிச்சை டாக்டரும் சேர்ந்து பேசினார்களா?

4. நாள்பட்ட முழு அடைப்புகளை இந்தக் குழு எத்தனை செய்திருக்கிறது? எத்தனை பலித்தது, எத்தனை பலிக்கவில்லை?

நாலாவது கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கலாம், டாக்டர் கோபித்துக்கொள்வாரோன்னு தோணலாம். தயங்காமல் கேளுங்கள். 1979-லேயே க்ரூன்ட்சிக் தன் 50 பேரில் 18 பேருக்குப் பலிக்கவில்லை என்று உலகத்துக்கே எழுதிக் காட்டினார். இந்தச் சிகிச்சை அன்றிலிருந்து அப்படித்தான் வளர்ந்திருக்கிறது.